வீட்டுக் கோப்புப் பரிமாற்ற வழங்கிக்குத் தனிநபர் தீயரணை அமைத்தல்

தனிநபர் தீயரண் என்பது ஒரு கணினிக்குள் வரும் பிணையத் தொடர்புகளையும் அதிலிருந்து வெளியேறும் தொடர்புகளையும் விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் மென்பொருள் ஆகும். இது ஃபயர்வால், தீச்சுவர் என்றும் அழைக்கப்படுகிறது. வீட்டுக் கணினி ஒன்றில் கோப்புப் பரிமாற்ற வழங்கியை நிறுவும்போது, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை இத்தீயரண் இயல்பாகவே தடுத்துவிடும். வழங்கி செயற்பட வேண்டுமானால் தேவையான வழியை மட்டும் திறந்துவிட்டு, மற்றவை மூடியே இருக்கும்படி தீயரணை அமைக்க வேண்டும். எஃப்டிபி எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துவதால், இந்த அமைப்பு இணையத்தள வழங்கிக்குச் செய்வதைவிடச் சற்றுச் சிக்கலானது. பலர் அச்சிக்கலைத் தவிர்க்கத் தீயரணையே முழுவதுமாக நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் கோப்பு வழங்கியோடு சேர்ந்து கணினியின் மற்ற எல்லாச் சேவைகளும் வெளியே திறந்துகொள்கின்றன.

வரலாறு

கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவு 1971 ஏப்ரல் 16 அன்று ஆர்எஃப்சி 114 என்ற ஆவணமாக வெளியானது. அதை எழுதியவர் அபய் பூஷண். இவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். அப்போது இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் பிணையத்தில் சில கணினிகளே இருந்தன. அவற்றைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆய்வாளர்கள். எனவே நெறிமுறையை வடிவமைத்தபோது ஒட்டுக்கேட்டல், அத்துமீறல் போன்றவை பெரிதாகக் கருதப்படவில்லை. இன்றும் பயன்பாட்டிலுள்ள வடிவம் 1985 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 959 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது.

தனிநபர் தீயரண்கள் பரவலானது இதற்குப் பல ஆண்டுகள் கழித்தே ஆகும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் எளிய தீயரண் ஒன்று இருந்தாலும் அது தொடக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழுநிரல் 135ஆம் துறை வழியாகப் பரவியது. பயனர் எந்தக் கோப்பையும் திறக்காமலே, இணையத்தில் இணைந்திருந்த காரணத்தாலேயே கணினிகள் பாதிக்கப்பட்டன. ஓராண்டு கழித்து, 2004 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பில் தீயரண் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது. லினக்ஸ் பக்கத்தில், 2008இல் வந்த உபுண்டு 8.04 பதிப்புடன் யூஎஃப்டபிள்யூ என்ற எளிய தீயரண் கருவி அறிமுகமானது.

தீயரண் செயற்படும் விதம்

பிணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி ஒன்று உண்டு. அந்த முகவரியில் எந்த மென்பொருளுக்குச் செய்தி சேரவேண்டும் என்பதைத் துறை எண் குறிக்கிறது. போர்ட் என்று பொதுவாக வழங்குவது இதுவே. முகவரியைக் கட்டடத்துக்கும் துறையை அதன் கதவு எண்ணுக்கும் ஒப்பிடலாம். துறை எண்கள் 65535 வரை உள்ளன. கோப்புப் பரிமாற்ற நெறிமுறைக்கு 21, 20 ஆகிய எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

பெரும்பாலான தனிநபர் தீயரண்களின் அடிப்படைக் கொள்கை ஒன்றே: கணினி தானே தொடங்கிய தொடர்புக்கு வரும் மறுமொழியை உள்ளே விடுவது, வெளியார் தாமாகத் தொடங்கும் தொடர்பைத் தடுப்பது. இணையத்தளம் ஒன்றைப் பார்வையிடும் கணினிக்கு இக்கொள்கை போதுமானது. அதே கணினி வழங்கியாக மாறும்போது நிலைமை தலைகீழாகிறது. வழங்கியின் வேலையே வெளியார் தொடங்கும் தொடர்பை ஏற்பதுதான். ஆகவே விதிவிலக்கு ஒன்றை உருவாக்க வேண்டியிருக்கிறது. அந்த விதிவிலக்கு எவ்வளவு குறுகியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டு இணைப்புகள்

இணையப் பக்கத்தைப் பெறும்போது வேண்டுகோளும் பக்கமும் ஒரே இணைப்பில் செல்கின்றன. எஃப்டிபியில் அவ்வாறு இல்லை. பயனர்பெயர், கடவுச்சொல், கட்டளைகள் ஆகியவை கட்டுப்பாட்டு இணைப்பில் செல்கின்றன. இது வழங்கியின் 21ஆம் துறைக்கு வரும். கோப்புகளும் கோப்புப் பட்டியல்களும் தரவு இணைப்பு என்ற மற்றோர் இணைப்பில் செல்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு பட்டியலுக்கும் தரவு இணைப்பு புதிதாகத் திறக்கப்பட்டு, வேலை முடிந்ததும் மூடப்படும். இந்த இரண்டாம் இணைப்பை யார் தொடங்குவது என்பதைப் பொறுத்து இரு முறைகள் உள்ளன.

ஆக்டிவ் முறையில், கோப்பை வாங்கும் கணினி தன் முகவரியையும் துறை எண்ணையும் வழங்கிக்கு அறிவிக்கும். வழங்கி தனது 20ஆம் துறையிலிருந்து அந்த இடத்தை நோக்கித் தரவு இணைப்பைத் தொடங்கும். இதில் வழங்கியின் தீயரணுக்குச் சிக்கல் குறைவு. ஆனால் வாங்கும் பக்கத்திலுள்ள தீயரண், வெளியிலிருந்து வரும் இந்த இணைப்பை அந்நியர் தொடர்பாகக் கருதித் தடுத்துவிடும்.

பேசிவ் முறையில் இரு இணைப்புகளையும் வாங்கும் கணினியே தொடங்குகிறது. வழங்கி தன்னிடத்தில் ஒரு துறையைத் திறந்து, அதன் எண்ணைக் கட்டுப்பாட்டு இணைப்பு வழியாகச் சொல்லும். வாங்கும் கணினி அந்த எண்ணுக்கு இணைப்பை ஏற்படுத்தும். இம்முறை வாங்குவோரின் தீயரணுக்கு ஏற்றது. தீயரண்களுக்கு இசைவாக இம்முறையைப் பயன்படுத்தும்படி 1994 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1579 பரிந்துரைத்தது. இன்றைய எஃப்டிபி மென்பொருள்கள் பெரும்பாலும் பேசிவ் முறையையே முதலில் முயல்கின்றன.

பேசிவ் முறையில் சுமை வழங்கியின் தீயரணுக்கு மாறிவிடுகிறது. 21ஆம் துறையை மட்டும் திறந்தால் பயனர் உள்நுழைய முடியும். ஆனால் கோப்புப் பட்டியல் வராமல் திரை காத்துக்கொண்டே இருக்கும். வீட்டு வழங்கிகளில் மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுவே.

துறை எண் அறிவிக்கப்படும் முறை

பேசிவ் முறையில் வழங்கி அனுப்பும் மறுமொழி 227 என்ற குறியீட்டுடன் தொடங்கி, ஆறு எண்களைக் கொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக 192,168,1,10,195,80 என்று வந்தால், முதல் நான்கு எண்களும் 192.168.1.10 என்ற ஐபி முகவரியைக் குறிக்கின்றன. கடைசி இரு எண்களிலிருந்து துறை எண் கணக்கிடப்படும். ஐந்தாம் எண்ணை 256ஆல் பெருக்கி ஆறாம் எண்ணைக் கூட்ட வேண்டும். 195ஐ 256ஆல் பெருக்கினால் 49920, அதனுடன் 80ஐக் கூட்டினால் 50000. ஆகவே தரவு இணைப்பு 50000ஆம் துறைக்கு வரவேண்டும். இக்கணக்கைத் தெரிந்திருந்தால், வழங்கியின் பதிவுக்குறிப்பைப் பார்த்தே தீயரணில் எந்தத் துறை தடுக்கப்படுகிறது என்று கண்டுகொள்ளலாம்.

அமைப்பதற்கு முன் முடிவு செய்யவேண்டியவை

தீயரண் விதிகளை எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, வழங்கியை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? வீட்டிலுள்ள மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே படங்களை மாற்றுவதே நோக்கமென்றால், இணையத்திலிருந்து வரும் இணைப்புகளைத் திறக்கவே தேவையில்லை. வீட்டுப் பிணைய முகவரிகளை மட்டும் அனுமதித்தால் போதும்.

இரண்டாவது, வழங்கிக் கணினிக்கு நிலையான உள்முகவரி இருக்கிறதா? வீட்டு ரவுட்டர், அதாவது திசைவி, ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைத் தானாக வழங்குகிறது. மறுதொடக்கத்துக்குப் பின் அம்முகவரி மாறக்கூடும். திசைவியின் அமைப்புப் பக்கத்தில் வழங்கிக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பேசிவ் முறைக்கு எந்தத் துறைகள்? வழங்கி மென்பொருளை அதன் விருப்பத்துக்கு விட்டால் ஆயிரக்கணக்கான எண்களில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அத்தனையையும் தீயரணில் திறப்பது பொருளற்றது. ஆகவே 50000 முதல் 50049 வரை என்பது போன்ற சிறு வரம்பை வழங்கி மென்பொருளில் குறிப்பிட்டு, அதே வரம்பைத் தீயரணிலும் திறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு அல்லது ஒரு பட்டியலுக்கு ஒரு துறை தேவைப்படும். சில பயனர்களே உள்ள வீட்டு வழங்கிக்கு ஐம்பது துறைகள் தாராளம். ஃபைல்ஸில்லா வழங்கியின் அமைப்புகளில் பேசிவ் முறைக்கென்று தனிப் பகுதி உள்ளது. லினக்ஸில் பயன்படும் விஎஸ்எஃப்டிபிடி வழங்கியில், குறைந்த எண்ணும் கூடிய எண்ணும் அதன் அமைப்புக் கோப்பில் இரு வரிகளாக எழுதப்படுகின்றன.

விண்டோஸ் தீயரணில் விதி அமைத்தல்

விண்டோஸ் தீயரண் பிணையங்களை டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று வகையாகப் பிரிக்கிறது. வீட்டு வைஃபை பிரைவேட் வகையில் இருக்க வேண்டும். உணவகம், தொடருந்து நிலையம் போன்ற இடங்களின் வைஃபை பப்ளிக் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு விதியும் எந்த வகைப் பிணையத்தில் செல்லும் என்று தனியாகக் குறிப்பிடலாம். மடிக்கணினியில் வழங்கியை இயக்குவோர் விதியைப் பிரைவேட் வகைக்கு மட்டும் இட்டால், கணினியை வெளியே எடுத்துச் செல்லும்போது வழி தானாக மூடிக்கொள்ளும். வீட்டு வைஃபையே தவறுதலாகப் பப்ளிக் என்று பதிந்திருந்தால், சரியான விதி இருந்தும் இணைப்பு கிடைக்காது.

விதியை இரு வகையில் எழுதலாம். நிரல் விதியில் வழங்கி மென்பொருளின் கோப்பைக் காட்டி, அதற்கு வரும் இணைப்புகளை அனுமதிக்கிறோம். அந்நிரல் இயங்கும்போது மட்டுமே வழி திறந்திருக்கும். பேசிவ் துறைகளும் இதில் அடங்கிவிடும். துறை விதியில் எண்களை மட்டும் குறிப்பிடுகிறோம். அந்த எண்களில் வேறொரு நிரல் வந்து அமர்ந்தாலும் வழி திறந்தே இருக்கும். எனவே தனிக் கணினியில் நிரல் விதியே பாதுகாப்பானது. சில வழங்கிகளில் பின்னணியில் இயங்கும் சேவை நிரல் வேறு, நிர்வாகச் சாளரம் வேறு. ஃபைல்ஸில்லா இவ்வகையைச் சேர்ந்தது. விதியைச் சேவை நிரலுக்கே எழுத வேண்டும்.

துறை விதி எழுதும் படிநிலைகள்:

1. தொடக்கப் பட்டியில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் என்று தேடி, அதன் மேம்பட்ட பாதுகாப்புச் சாளரத்தைத் திறக்க வேண்டும்.
2. இடப்புறத்தில் உள்வரும் விதிகள் பகுதியைத் தேர்ந்தெடுத்து, புதிய விதி என்பதைச் சொடுக்க வேண்டும்.
3. விதியின் வகையாகப் போர்ட் என்பதையும், நெறிமுறையாக டிசிபி என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.
4. குறிப்பிட்ட துறைகள் என்ற இடத்தில் 21, 50000-50049 என்று எழுத வேண்டும்.
5. இணைப்பை அனுமதி என்பதைத் தேர்ந்து, பிரைவேட் வகையை மட்டும் குறியிட வேண்டும்.
6. பின்னாளில் அடையாளம் காணத்தக்க பெயர் ஒன்றை இட்டுச் சேமிக்க வேண்டும்.
7. வீட்டுக்குள் மட்டும் பயன்படுவதாயின், விதியின் பண்புகளில் ஸ்கோப் பகுதிக்குச் சென்று, தொலை முகவரியாக உள்பிணையத்தை மட்டும் அனுமதிக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி இடறும் இடம் ஒன்று உள்ளது. வழங்கியை முதன்முறை இயக்கும்போது, இந்நிரலை அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். பயனர் அதை ரத்து செய்தால், அந்நிரலுக்குத் தடை விதி ஒன்று அமைதியாக உருவாகிவிடும். விண்டோஸ் தீயரணில் அனுமதி விதியும் தடை விதியும் மோதினால் தடை விதியே வெல்லும். அதனால் பின்னர் எத்தனை அனுமதி விதிகள் எழுதினாலும் பயன் இராது. உள்வரும் விதிகளின் பட்டியலில் வழங்கியின் பெயரில் தடை விதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்க வேண்டும்.

லினக்ஸ், மேக் இயங்குதளங்களில்

உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ கருவியை இயக்கியதும், உள்வரும் இணைப்புகள் தடுக்கப்பட்டு வெளிச்செல்லும் இணைப்புகள் அனுமதிக்கப்படும். அதன்பின் 21ஆம் துறைக்கும் பேசிவ் வரம்புக்கும் தனித்தனியே அனுமதி விதிகளைச் சேர்க்க வேண்டும். விதியிலேயே 192.168.1.0/24 என்பது போன்ற உள்பிணைய வரம்பைக் குறிப்பிட்டு, வெளியாரை விலக்கலாம். இக்கருவி விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியையே பின்பற்றுகிறது. ஆகவே விதிகளின் வரிசை முக்கியம். வழங்கிக் கணினியைத் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நிர்வகிப்பவர், தீயரணை இயக்குவதற்கு முன்பே 22ஆம் துறையை அனுமதிக்க வேண்டும். மறந்தால் அவரே வெளியே பூட்டப்படுவார்.

ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் ஃபயர்வால்டி என்ற கருவி உள்ளது. அதில் சேர்க்கும் விதியை நிலையான விதியாகப் பதியாவிட்டால், மறுதொடக்கத்துக்குப் பின் அது மறைந்துவிடும். மேக் கணினிகளில் உள்ள பயன்பாட்டுத் தீயரண் துறை எண்களைக் கேட்பதில்லை. எந்த மென்பொருள் இணைப்பை ஏற்கலாம் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

திசைவியைக் கடத்தல்

வெளியூரிலிருந்து வழங்கியை அணுகவேண்டுமானால், கணினியின் தீயரணுக்கு முன்னால் திசைவி என்ற மற்றொரு தடையும் உண்டு. 1996இல் வரையறுக்கப்பட்ட தனிப்பயன் முகவரிகள் இணையத்தில் செல்லுபடியாகாதவை. 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் திசைவியின் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து 21ஆம் துறைக்கு வரும் இணைப்பை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று திசைவிக்குச் சொல்ல வேண்டும். இதுவே போர்ட் ஃபார்வர்டிங் எனப்படும் துறை முன்னனுப்பல். 21உடன் பேசிவ் வரம்பு முழுவதையும் அதே கணினிக்கு முன்னனுப்ப வேண்டும்.

இத்துடன், வழங்கி 227 மறுமொழியில் எந்த முகவரியைச் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது 192.168.1.10 என்று தன் உள்முகவரியைச் சொன்னால், வெளியூர்க் கணினி அங்கே வர இயலாது. வழங்கி மென்பொருளின் பேசிவ் அமைப்பில் பொது முகவரியையோ அதற்குரிய பெயரையோ எழுத வேண்டும். சில திசைவிகள் எஃப்டிபி உரையாடலைப் படித்து இம்முகவரியைத் தாமே மாற்றிவிடும். ஆனால் உரையாடல் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அவற்றால் படிக்க இயலாது. சாதாரண எஃப்டிபி வேலை செய்து, பாதுகாப்பான எஃப்டிபிஎஸ் மட்டும் தடைப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பேசிவ் வரம்பையும் முகவரியையும் கையால் எழுதிவிட்டால் திசைவியின் உதவி தேவைப்படாது.

சில வீடுகளில் இவை அனைத்தும் சரியாக இருந்தும் வெளியிலிருந்து இணைப்பு வராது. பொது முகவரிகள் பற்றாக்குறையால், இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதுண்டு. இதற்கென்று 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. திசைவியின் வெளிமுகவரி இந்த வரம்பில் இருந்தாலோ, இணையத்தில் தெரியும் முகவரியிலிருந்து வேறுபட்டாலோ, துறை முன்னனுப்பல் பயன் தராது. சேவை நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது விபிஎன் போன்ற வேறு வழியை நாட வேண்டும்.

ஐபி ஆறாம் பதிப்பில் நிலைமை வேறு. அதில் ஒவ்வொரு கருவிக்கும் உலகெங்கும் செல்லுபடியாகும் முகவரி கிடைக்கக்கூடும். முகவரிப் பகிர்வு என்ற மறைவு அங்கே இல்லாததால், திசைவியின் தீயரணும் கணினியின் தீயரணும் மட்டுமே காவல். இப்பதிப்பில் பேசிவ் மறுமொழிக்கு 227க்குப் பதிலாக 229 என்ற குறியீடு பயன்படுகிறது. அதில் முகவரி இராது, துறை எண் மட்டுமே இருக்கும்.

சோதித்தலும் கோளாறு கண்டறிதலும்

சோதனையை உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் செய்தால், கோளாறு எந்தத் தடையில் உள்ளது என்பது தானே தெரியும்.

முதலில் வழங்கிக் கணினியிலேயே 127.0.0.1 என்ற முகவரிக்கு இணைத்துப் பார்க்க வேண்டும். இதில் தீயரண் பொதுவாகக் குறுக்கிடாது. இங்கே இணைப்பு கிடைக்காவிட்டால் வழங்கி மென்பொருளே இயங்கவில்லை என்று பொருள். அடுத்து, வீட்டிலுள்ள மற்றொரு கணினியிலிருந்து உள்முகவரிக்கு இணைக்க வேண்டும். முதல் சோதனை வென்று இது தோற்றால் கோளாறு தீயரணில் உள்ளது. கடைசியாக, கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் தரவு வழியாகப் பொது முகவரிக்கு இணைக்க வேண்டும். இது மட்டும் தோற்றால் திசைவியையோ சேவை நிறுவனத்தின் பிணையத்தையோ பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருந்துகொண்டே பொது முகவரியைச் சோதிப்பது நம்பத்தக்கதல்ல. பல திசைவிகள் அவ்வாறு வெளியே சென்று திரும்பி வரும் இணைப்பை ஏற்பதில்லை.

கோளாறுகளின் அறிகுறிகள் சில:

- நெடுநேரம் காத்திருந்து நேரம் முடிந்தது என்று வருதல்: பெரும்பாலும் தீயரண் பொதிகளை மறுமொழியின்றிக் கைவிடுகிறது.
- உடனே இணைப்பு மறுக்கப்பட்டது என்று வருதல்: பெரும்பாலும் பொதி கணினியை அடைந்துவிட்டது, ஆனால் அத்துறையில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை.
- 220 என்ற வரவேற்பு வருதல்: 21ஆம் துறை திறந்துள்ளது.
- 530 வருதல்: பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. தீயரணுக்கு இதில் தொடர்பில்லை.
- உள்நுழைந்த பின் பட்டியல் வராமை, அல்லது 425 வருதல்: தரவு இணைப்பு தடைப்பட்டுள்ளது. பேசிவ் வரம்பைச் சரிபார்க்க வேண்டும்.
- 550 வருதல்: கோப்போ கோப்புறையோ கிடைக்கவில்லை, அல்லது அதற்கு அனுமதி இல்லை.

விண்டோஸ் தீயரணில் தடுக்கப்பட்ட பொதிகளைப் பதியும் வசதி உண்டு. அது தொடக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். கோளாறு பிடிபடாதபோது அதை இயக்கினால், தடுக்கப்பட்ட துறை எண் அப்படியே தெரியும்.

பாதுகாப்பு

தீயரணில் வழி திறந்தபின் பொறுப்பு முழுவதும் வழங்கி மென்பொருளைச் சேர்கிறது. தீயரண் வருபவரின் முகவரியையும் துறையையும் பார்க்குமேயன்றி, அவர் நல்லவரா என்று அறியாது. யாருக்கும் தெரியாத வீட்டு முகவரியை யார் தேடப்போகிறார்கள் என்ற எண்ணம் தவறானது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஐபி நான்காம் பதிப்பின் பொது முகவரிகள் அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் தேடிவிடும் திறன் கொண்டது. திறந்த 21ஆம் துறையைத் தானியங்கி நிரல்கள் கண்டுபிடித்துக் கடவுச்சொற்களை ஊகிக்கத் தொடங்கும். துறை எண்ணை மாற்றி வைப்பது இத்தொல்லையைக் குறைக்குமே தவிர, பாதுகாப்பாகாது.

தீயரணை நிறுத்தி வைப்பதன் விளைவை 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை பணயநிரல் காட்டியது. அது விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவை பயன்படுத்தும் 445ஆம் துறை வழியே, திருத்தம் நிறுவப்படாத கணினிகளுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டியது. எஃப்டிபிக்காகத் தீயரணை நிறுத்துபவர், தான் அறியாமலே இத்தகைய துறைகளையும் சேர்த்துத் திறந்து வைக்கிறார்.

சாதாரண எஃப்டிபியில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கோப்புகளும் மறைப்பின்றிச் செல்கின்றன. வழியில் பிணையத்தைக் கவனிப்பவர் அவற்றை அப்படியே படிக்கலாம். மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ உரிய கடவுச்சொல்லையே இங்கும் பயன்படுத்தினால் இழப்பு பன்மடங்காகும். எனவே இணையத்துக்குத் திறக்கப்படும் வழங்கியில் பின்வருவன தேவை:

- எஃப்டிபிஎஸ் முறையைக் கட்டாயமாக்குதல். கட்டுப்பாடு, தரவு ஆகிய இரு இணைப்புகளும் மறைகுறியாக்கப்பட வேண்டும்.
- பெயரிலிப் பயனர் உள்நுழைவை நிறுத்துதல்.
- ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கோப்புறை அளித்தல். வன்வட்டு முழுவதையும் பகிராதிருத்தல்.
- பதிவிறக்கம் மட்டும் செய்வோருக்கு எழுதும் அனுமதியை மறுத்தல்.
- பலமுறை தவறாக உள்நுழைய முயலும் முகவரியைத் தானாகத் தடை செய்தல்.
- நிர்வாகச் சாளரத்துக்குரிய துறையை வெளியே திறக்காதிருத்தல்.
- தேவை முடிந்ததும் தீயரண் விதியையும் திசைவியின் முன்னனுப்பலையும் நீக்குதல்.

மாற்று வழிகள்

எஸ்எஃப்டிபி என்பது பெயரில் ஒத்திருந்தாலும் எஃப்டிபியிலிருந்து வேறான நெறிமுறை. எஸ்எஸ்எச் வழியாக இயங்கும் இது, கட்டளைக்கும் கோப்புக்கும் ஒரே மறைகுறியாக்கப்பட்ட இணைப்பைப் பயன்படுத்துகிறது. ஆகவே தீயரணில் 22ஆம் துறை ஒன்றைத் திறந்தால் போதும். பேசிவ் வரம்பு, முகவரி மாற்றம் ஆகிய சிக்கல்கள் எழுவதில்லை. புதிதாக வழங்கி அமைப்போருக்கு இதுவே எளிது. எஃப்டிபிஎஸ் என்பது பழைய எஃப்டிபிக்கே டிஎல்எஸ் மறைப்பைச் சேர்த்த வடிவம். இரண்டு இணைப்புகளின் சிக்கல் அதில் அப்படியே உள்ளது. வீட்டில் விபிஎன் வழங்கி அமைத்து, அதன் வழியாக மட்டும் கோப்புகளை அணுகுவதும் உண்டு. அப்போது கோப்பு வழங்கி வெளி இணையத்துக்குத் தெரியாது.

உலாவிகள் எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ் 90ஆம் பதிப்பிலும் குரோம் 95ஆம் பதிப்பிலும், 2021இல் அதற்கான ஆதரவு நீக்கப்பட்டது. இருப்பினும் ஒளிவருடிகள், கண்காணிப்புக் கேமராக்கள், பிணையச் சேமிப்பகங்கள், இணையத்தள இடவாடகைச் சேவைகள் ஆகியவற்றில் இந்நெறிமுறை இன்னும் புழக்கத்தில் உள்ளது. ஒளிவருடி வருடிய பக்கத்தை வீட்டுக் கணினிக்கு அனுப்புவது போன்ற உள்பிணைய வேலைகளுக்கு, வெளியாரை விலக்கிய தீயரண் விதியுடன் அதைப் பயன்படுத்தலாம். இணையத்தின் வழியே கோப்புகளை அணுகுவதற்கு எஸ்எஃப்டிபியோ விபிஎன்னோ ஏற்றது.